மைக்கை எங்கே வைப்பது? கெரிச்சோவிலிருந்து கம்பாலா வரை

நாள் 1: நைரோபி

விமான நிலையச் சுங்கத்தில் இருந்த அம்மணி, என் பையிலிருந்து எட்டிப் பார்த்த மைக் ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிரசங்கம் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டார். பாட்டுக் கேட்க வந்தேன் என்றேன். "அதுக்கு இவ்வளவு சாமான் எதுக்கு? வெளியே போய் ஏதாவது ஒரு மட்டாட்டுல ஏறுங்க, காது கிழியும்" என்று சிரித்துக்கொண்டே பையை மூடி அனுப்பினார். பொய்யில்லை. மட்டாட்டு என்பது இங்கே ஓடும் மினி பஸ். ஷேர் ஆட்டோவுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். ஸ்பீக்கர் அடித்த அடியில் விமானத்தில் தின்ற ரொட்டி வயிற்றுக்குள் எழுந்து உட்கார்ந்தது.

எனக்குத் தொழில் சினிமா ஒலிப்பதிவு. படப்பிடிப்பில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் நான்தான். பதினெட்டு வருஷமாக நான் செய்வது ஒரே வேலை: நடிகர் பேசுவதைத் தவிர மற்ற எல்லாச் சத்தத்தையும் ஒழித்துக்கட்டுவது. நாய் குரைத்தால் கட். ஃபேன் ஓடினால் கட். பக்கத்துத் தெருக் கோயிலில் மணி அடித்தால் கட். அப்படிச் சுத்தம் பார்த்துச் சலித்துப்போன ஒரு ராத்திரி, 1950-ல் கென்யாவில் பதிவான ஒரு பாட்டு காதில் விழுந்தது. பெண் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்கள். அடியில் ஒரு தந்தி வாத்தியம் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறது. 'செமிரோச்சா' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விடிவதற்குள் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

பதிவு செய்தவர் ஹ்யூ ட்ரேசி. 1903-ல் இங்கிலாந்தின் டெவனில் பிறந்து, அண்ணனோடு சேர்ந்து புகையிலை பயிரிட இன்றைய ஜிம்பாப்வேக்கு வந்தவர். வயலில் கூட வேலை பார்த்தவர்கள் பாடியதைக் கேட்டு, புகையிலையை விட்டுவிட்டுப் பாட்டின் பின்னால் போய்விட்டார். ஜெனரேட்டர் ஏற்றிய வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, நீளக் கேபிள் இழுத்து, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பாடுகிறவர்கள் நடுவே நடப்பாராம். இந்தக் கடைசி விஷயம் என் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் உறைக்கும். நாங்கள் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர் கையோடு காதையும் நகர்த்திக்கொண்டே போயிருக்கிறார். யார் குரல் முன்னால் வர வேண்டும் என்பதை அந்த நொடியில் அவர் கைதான் தீர்மானித்திருக்கிறது.

1954-ல் சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகம் என்று ஒன்றைத் தென்னாப்பிரிக்காவில் தொடங்கினார். 'சவுண்ட் ஆஃப் ஆப்பிரிக்கா' வரிசையில் மட்டும் 210 எல்பி தட்டுகள். 1977-ல் அவர் இறந்த பிறகு அந்த நூலகம் ரோட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. கென்யாவில் பாடிய பிள்ளைகளின் குரல், ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு அலமாரியில்.

பாட்டு பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும், வழியில் கேட்க முடிந்ததைக் கேட்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். தினமும் ராத்திரி எழுதுகிறேன், நெட் இருந்தால்.

நாள் 2: கெரிச்சோ

காலையில் கிளம்பி, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி, நரோக், பொமெட் வழியாக வண்டி. ஓட்டுநர் கெரிச்சோப் பக்கத்துக் கிப்சிகிஸ் இனத்து இளைஞர். பள்ளத்தாக்கின் விளிம்பில் நிறுத்தி, "எல்லாரும் இங்கே போட்டோ எடுப்பாங்க" என்றார். நான் காற்றைப் பதிவு செய்தேன். விநோதமாகப் பார்த்தார்.

கெரிச்சோ வந்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் அம்மா வால்பாறையில் கொழுந்து பறித்தவர். இடுப்பளவுக்கு மட்டமாக வெட்டிய அதே செடி, அதே வரிசை, மதியம் தவறாமல் வந்து கொட்டும் அதே மழை. கூடை சுமக்கும் பெண்கள் மட்டும் வேறு. சில இடங்களில் பெண்களும் இல்லை, இயந்திரம் பறித்துக்கொண்டு போகிறது. அந்த இரைச்சலைக் கேட்டு ஓட்டுநர் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய அத்தை வேலை போனவராம்.

இந்த நிலமெல்லாம் கிப்சிகிஸ் மக்களுடையது. ஆங்கிலேயர்கள் பிடுங்கித் தேயிலை போட்டார்கள். அவர்களை எதிர்த்து ஆரூடம் சொன்ன தலாய் குலத்தாரை 1934-ல் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போய், விக்டோரியா ஏரிக்கரையில் க்வாசி என்ற காய்ச்சல் காட்டில் தள்ளினார்கள். அதற்குப் பதினாறு வருஷம் கழித்துத்தான் ட்ரேசி மைக்கோடு வருகிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பாடுகிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நூறு கெஜம் தள்ளி என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பதிவில் இல்லை.

நாள் 3: கப்காடெட்

சின்ன ஊர். ஒரு கடைவீதி, ஒரு ஆஸ்பத்திரி, சரிவெல்லாம் தேயிலை. "சம்கே" என்று சொல்ல ஓட்டுநர் கற்றுக்கொடுத்தார். பதிலுக்கு "சம்கே மிசிங்" என்பார்கள். வணக்கம், ரொம்ப வணக்கம்.

செமிரோச்சா யார் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். ஜிம்மி ராட்ஜர்ஸ். அமெரிக்காவின் மிசிசிப்பிக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், கிடாரோடு தொண்டையை உடைத்து உடைத்துப் பாடிப் புகழ்பெற்றவர், காசநோயில் 1933-ல் செத்துப்போனவர். அவருடைய தட்டுகள் கிராமஃபோனோடு எப்படியோ இந்த மலைக்கு வந்து சேர்ந்தன. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயர் கிப்சிகிஸ் வாயில் செமிரோச்சா ஆனது. ஹாமில்டன் பாலத்தை அம்பட்டன் பாலம் ஆக்கிய ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

ட்ரேசி இங்கே செமிரோச்சா என்ற பெயரிலேயே மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தார். நான் கேட்டது மூன்றாவது. செமுடோய் கெடியென்யாவும் பெண் பிள்ளைகளும் பாடியது. ட்ரேசியின் குறிப்புப்படி செமிரோச்சா பாதி மனிதன், பாதி மான். அவனை ஆட வரச் சொல்கிறார்கள், உடுத்தியிருப்பது கழன்று விழும் அளவுக்குக் குதித்து ஆடச் சொல்கிறார்கள். இதை ஓட்டுநரிடம் சொன்னேன். "வெள்ளைக்காரர் வந்து இது யாருன்னு கேட்டிருப்பார். இவங்க அளந்து விட்டிருப்பாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கேள்வி கேட்க வந்தவனைக் கிண்டல் பண்ணாத கிராமம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

கடைவீதியில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முர்சிக் கொடுத்தார். சுரைக்குடுக்கையின் உட்புறத்தில் மரக்கரியைத் தேய்த்து, அதில் பாலை ஊற்றி நாள்கணக்கில் புளிக்க வைப்பது. சாம்பல் நிறத் திட்டுகளோடு இருக்கிறது. தயிர்சாதத்தில் வளர்ந்த நாக்குக்கு முதல் மடக்கு திகைப்பு, இரண்டாவது மடக்கில் சமாதானம், மூன்றாவதில் இன்னொரு தம்ளர் கேட்டேன். அந்த அம்மாவுக்கு அதில் பரம திருப்தி.

பிறகு போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். குதிக்கச் சொல்லும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாட்டு முடிந்தது. போனைத் திருப்பிப் பார்த்தார், தட்டினார், என்னைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டாங்க?"

அவ்வளவுதான் பாட்டு என்றேன்.

"இது இன்னும் தொடங்கவே இல்லையே."

ஓட்டுநர் இதை மொழிபெயர்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்போலத்தான் கொள்ளும். பழைய பதிவுகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு வெட்டித் தைத்தவை. அந்தச் சின்ன அளவை இத்தனை நாளாகப் பாட்டின் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சந்திரனைக் கிணற்றில் பார்த்தவன் சந்திரன் கிணற்றளவு என்று நினைத்த கதைதான்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் வந்து இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியதாம். எனக்கு அது தெரிந்த கதைதான். தென்னாப்பிரிக்க நூலகமும், நைரோபியின் கெட்டெபுல் மியூசிக்கைச் சேர்ந்தவர்கள் நடத்தும் 'சிங்கிங் வெல்ஸ்' குழுவும் 2010-களின் நடுவில் இந்தப் பதிவுகளைக் கொண்டுவந்து ஊராரிடமே கொடுத்தார்கள். 1950-ல் ட்ரேசிக்கு முன்னால் பாடியவர்களில் ஒருவர் எண்பது வயது தாண்டி இன்னும் உயிரோடு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அறுபத்தைந்து வருஷம் கழித்துத் தன் ஊர்ப் பாட்டு பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்!

இன்று செப்கோங் வாசிக்கும் ஒருவரைப் பார்ப்பதாக ஏற்பாடு. பாட்டின் அடியில் கேட்கும் அந்தத் தந்தி வாத்தியம்தான். அவர் உறவில் ஒரு சாவுக்குப் போய்விட்டார். நாளைக்கும் வர மாட்டார். ஆகவே எட்டு மைல் தள்ளி நின்று காதில் விழுந்தாலும் அடையாளம் தெரியும் அளவுக்குக் கேட்டுப் பழகிய வாத்தியத்தின் சொந்த ஊரில், நான் ஒரு நொடிகூடப் பதிவு செய்யவில்லை.

நாள் 4: கிசுமு

மலையிலிருந்து இறங்கினால் வெக்கை. விக்டோரியா ஏரி கடல்போலக் கிடக்கிறது. 1901-ல் ரயில் பாதை மொம்பாசாவிலிருந்து இங்கே வந்து முடிந்தது. அதைப் போட்ட முப்பதாயிரத்துச் சொச்சம் இந்தியக் கூலிகளில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். அவர்கள் விட்டுப்போன சப்பாத்தியும் சாயாவும் இன்றும் அதே பெயரில் எல்லாக் கடையிலும் இருக்கின்றன. கடைக்கே பெயர் டூக்கா. கடைக்கு இந்தியில் சொல்லும் 'துக்கான்' என்ற சொல்லின் வாரிசு.

முழு திலாப்பியாவைப் பொரித்து, உகாலியோடு கொடுத்தார்கள். உகாலி என்றால் மக்காச்சோளக் களி. கேழ்வரகுக் களி தின்றவர்களுக்கு விரலால் குழி செய்து குழம்பைத் தொடும் வித்தை தானாக வரும். மின்சாரம் இல்லை. பேட்டரி இரண்டு பாக்கி. தூங்கப் போகிறேன்.

நாள் 5: சியாயா

இன்றைக்கு நீளமாக எழுதுவேன்.

சியாயா லுவோ மக்களின் பகுதி. சிவப்பு மண், கள்ளி வேலி, நடுவில் முற்றம். நியாடிடி வாசிக்கும் பெரியவர் வீட்டுக்குப் போனேன். இங்கே பெரியவர்களை 'ம்ஸே' என்று அழைக்க வேண்டும். அறுபத்தைந்து வயது இருக்கும். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, வாத்தியத்தைத் தரையில் பக்கவாட்டில் கிடத்திச் சாய்ந்துகொண்டார். மரத்தைக் குடைந்த கிண்ணம், மேலே மாட்டுத்தோல், இரண்டு கொம்பு, குறுக்கே ஒரு சட்டம், எட்டுத் தந்தி. முன்பு மாட்டு நரம்பு, இப்போது மீன் வலை நைலான். யாழ் என்ற சொல்லைப் படித்தபோதெல்லாம் நான் கற்பனை பண்ணிக்கொண்டது ஏறக்குறைய இதைத்தான், ஆனால் யாழ் வேறு குடும்பம். எட்டுத் தந்திக்கு அவர் ஒரு கணக்கு சொன்னார்: ஆண் குழந்தை பிறந்தால் நாலு நாள், ஆண் செத்தால் நாலு நாள். பிறப்பிலிருந்து இழவு வரைக்கும் இந்த எட்டில் அடங்கிவிடுகிறது.

வலது காலில் 'காரா' என்கிற சலங்கை. கட்டைவிரலில் கனமான இரும்பு வளையம், 'ஒடுவோங்கோ'. நம் பெண்கள் மெட்டி போடும் விரலுக்குப் பக்கத்து விரல். அந்த வளையத்தால் வாத்தியத்தின் சட்டத்தைத் தட்டுகிறார். ஆக, தந்தி, சலங்கை, இரும்புத் தட்டு, குரல், நாலும் ஒரே மனிதர்.

நான் வழக்கம்போல என் வேலையைக் காட்டினேன். ஒரு மைக் வாயருகே, ஒரு மைக் தந்தியருகே. காற்றுக்காக மயிர்ப் போர்வை போட்டேன். இதற்குத் தொழிலில் டெட் கேட் என்று பெயர். சின்னப் பையன் ஒருவன் வந்து அதைத் தடவிவிட்டு "கடிக்குமா?" என்று கேட்டான். கோழிகளை விரட்டச் சொன்னேன். திண்ணையில் பேசிக்கொண்டிருந்த பெண்களை உள்ளே போகச் சொன்னேன். பையன்களை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். ம்ஸே எல்லாவற்றையும் பேசாமல் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் வாசித்தார். எனக்குத் தெரிந்து என் வாழ்நாளின் மிகச் சுத்தமான பதிவு.

ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்தார்.

"என் கால் எங்கே?"

மீட்டரைப் பார்த்தேன். வளையம் தட்டும் சத்தம் எங்கோ பக்கத்து அறையில் யாரோ அம்மி கொத்துவதுபோல இருந்தது. அவருக்குக் கால்தான் பாட்டின் முதுகெலும்பு. எனக்கு அது 'டிஸ்டர்பன்ஸ்'. கையே தானாக அதை ஒதுக்கிவிட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு ஒரு மைக்கைக் கால் பக்கம் இறக்கினேன். மறுபடி வாசித்தார், மறுபடி கேட்டார். கால் இருக்கிறது என்று தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

"இதுல நான் யாருக்குப் பாடறேன்?"

புரியவில்லை. அவர் பேரன் பொறுமையாக விளக்கினான். நியாடிடி பாட்டு இடையில் நின்று நின்று போவது. கேட்கிறவன் எழுந்து வந்து காசு போட்டு, பாட்டை நிறுத்தி, தன்னைத் தானே புகழ்ந்துகொள்வான். நான் இன்னாருடைய மகன், இன்ன ஊர்க்காரன், சிங்கத்தின் பல்லைப் பிடுங்கியவன் என்று அளப்பான். இதற்குப் 'பக்ருவோக்' என்று பெயர். பாடகர் அந்தப் புகழை வாங்கிப் பாட்டுக்குள் போட்டுக்கொண்டு மேலே போவார். நான் ஊரையே வேலிக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவரை ஆளில்லாத முற்றத்தில் பாடச் சொல்லியிருக்கிறேன்.

கூப்பிடுங்கள் எல்லாரையும் என்றேன். பெண்கள் வந்தார்கள், பையன்கள் வந்தார்கள், கோழிகள் கூப்பிடாமலே வந்தன. ம்ஸே தொடங்கினார். இரண்டு நிமிடத்துக்குள் ஒருவர் எழுந்து நிறுத்தினார், காசு போட்டார், மார்தட்டினார். எல்லாரும் ஓவென்றார்கள். இன்னொரு பாட்டி. இன்னொரு பையன். பிறகு சட்டென்று எல்லார் கண்ணும் என் மேல்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. கை நடுங்கியது, மீட்டர் சிவப்பைத் தொட்டது. காசை எடுத்து முன்னால் போட்டுவிட்டு, வாயில் வந்ததைத் தமிழிலேயே கத்தினேன்: "நான் வால்பாறை காளியப்பன் பேரன்! அட்டைக்கடிக்கும் பயப்படல, யானைக்கும் பயப்படல! கடல் தாண்டி வந்திருக்கேன்!"

தாத்தா பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ம்ஸே பேரனிடம் ஏதோ கேட்டார். அவன் என்னிடம் தாத்தா பெயரைத் திரும்பக் கேட்டான். சொன்னேன். ம்ஸே கால் வளையத்தை ஓங்கித் தட்டிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். அதில் 'ஞாக்வார்' என்ற சொல் கேட்டது. பேரன் என்று அர்த்தமாம். அடுத்து வந்ததை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

ஐம்பது நிமிடம் ஓடியது. தொழில் கணக்கில் பார்த்தால் படு மோசமான பதிவு. கோழி, இருமல், மோட்டார் சைக்கிள், நடுவே நான். சாயங்காலம் பேரனுடைய போனில் முழுசாக ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். "எரோகமானோ" என்றார் ம்ஸே. நன்றி. நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நாள் 6: புசியா

கென்யாவிலிருந்து உகாண்டாவுக்கு எல்லை தாண்டினேன். இங்கே வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் 'போடா போடா' என்று பெயர். எல்லைக்கு எல்லை என்பதன் ஆங்கிலம், 'பார்டர் டு பார்டர்', இந்த ஊர் ஓட்டிகள் கூவிக் கூவி இப்படி ஆனது. இருபது பேர் சுற்றி நின்று "போடா! போடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். இவ்வளவு மரியாதையான வரவேற்பு எந்த நாட்டிலும் கிடைத்ததில்லை.

நாள் 7: நகிபெம்பே

உகாண்டாவின் புசோகா பகுதி. இகாங்காவிலிருந்து உள்ளே போக வேண்டும். 'எம்பயிரே' என்னும் மரச் சைலஃபோன் இங்கே பிரபலம். மண்ணில் குழி வெட்டி, மேலே இரண்டு வாழைத்தண்டைப் போட்டு, அதன்மேல் பலகைகளை அடுக்குகிறார்கள். பெரிய பலகை அகலத்தில் நம் வீட்டு வாசற்படி மாதிரி இருக்கிறது. இரு பக்கமும் ஆட்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து அடிக்கிறார்கள். குழிதான் அதன் வயிறு. பெரிய பலகையை அடித்தால் காதுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் முதலில் தெரிகிறது.

சியாயாவில் பாடம் படித்தவன் ஆயிற்றே. இந்த முறை மைக்கை எடுக்கவே இல்லை, முதலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். பிறகு, ஒரு மைக்கைக் குழிக்குள் இறக்கலாமா என்று கேட்டேன். சிரித்தார்கள். இறக்கினேன். உள்ளே பூமியே மூச்சு விடுவதுபோல இருந்தது. அது பாட்டு இல்லை, வெறும் உறுமல். எடுத்துவிட்டேன். ஆட்டக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒருவர் பிக்வாலாவைப் பற்றிச் சொன்னார். சுரைக்காய்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்யும் நீண்ட ஊதுகுழல். புசோகா அரசவையில் ஊதியது. ஒரு குழலுக்கு ஒரே ஒரு சுரம்தான். ஐந்து பேர், ஐந்து குழல், அவரவர் முறை வரும்போது ஊதினால்தான் மெட்டு உருவாகும். ஒருவர் வராவிட்டால் மெட்டில் பல் விழுந்துவிடும். 1966-67 வாக்கில் உகாண்டாவின் அரசுகள் ஒழிக்கப்பட்டதும் ஊதுவதற்கு அரசனும் இல்லை, விழாவும் இல்லை. 2012-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தபோது, அதை முழுசாக அறிந்த முதியவர்கள் நான்கு பேர்தான் மிச்சம். மீட்டெடுக்கலாம் என்று இறங்கினால், ஏற்ற சுரைக்காயே இல்லை. சுரை பயிரிடுவதில் தொடங்கினார்கள். ஒலிநாடாவில் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும், அதற்குள்ளிருந்து ஒரு சுரை விதையை எடுக்க முடியாது.

நாள் 8: கம்பாலா

காலையில் ரோலக்ஸ். கைக்கடிகாரம் அல்ல, சப்பாத்திக்குள் முட்டை ஆம்லெட்டைச் சுருட்டிக் கொடுப்பது. பஞ்சாபிகளுக்கு மறுபடி ஒரு கும்பிடு.

பிறகு உகாண்டா அருங்காட்சியகம். இங்கே 1948 முதல் 1957 வரை காப்பாளராக இருந்தவர் கிளவுஸ் வாக்ஸ்மன். பெர்லினில் பிறந்த யூத வம்சாவளிக்காரர், ஹிட்லர் காலத்தில் வெளியேறி இங்கே வந்து சேர்ந்தவர். கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்தார். அவருடைய பதிவுகளும் லண்டனுக்குப் போய், அங்கேயே பல வருஷம் இருந்து, பிறகு பிரதி எடுக்கப்பட்டு மக்கெரெரே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. போவது ஒரே நாளில், வருவதற்கு அரை நூற்றாண்டு. எல்லாப் பதிவுக்கும் இதே தலையெழுத்து.

இசைக்கூடத்தில் அமடிண்டா வாசித்துக் காட்ட ஆள் இருந்தார். பன்னிரண்டு பலகைச் சைலஃபோன். உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா அரசின் அரசவை வாத்தியம். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். முதல் ஆள் சீரான வேகத்தில் ஒரு மெட்டை அடிக்கிறார். இரண்டாவது ஆள் அந்த அடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் தன் மெட்டைச் சொருகுகிறார். பின்னல் கோலாட்டத்தில் கயிறுகள் பின்னிக்கொள்வதை மேலிருந்து பார்த்தவர்களுக்குப் புரியும். இரண்டும் சேரும்போது நிமிடத்துக்கு ஐந்நூறு அடிக்கு மேல் போகிறது. அப்போது மூன்றாவதாக ஒரு மெட்டு கேட்கிறது. முதல் ஆள் அதை வாசிக்கவில்லை. இரண்டாம் ஆளும் வாசிக்கவில்லை. இரண்டு பேரின் கீழ்ச்சுரங்களும் சேர்ந்து நம் காதுக்குள் அது உண்டாகிறது. மூன்றாவது ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. அவர் வேலை, அந்த இல்லாத மெட்டைக் கேட்டு, உச்சியிலுள்ள இரண்டு பலகையில் அதை எடுத்து அடிப்பது.

ஆஸ்திரியாவிலிருந்து வந்த கெர்ஹார்ட் கூபிக் என்ற இளைஞர், 1959 வாக்கில், அரசவைக் கலைஞர் எவரிஸ்டோ முயிண்டாவிடம் மாணவராக உட்கார்ந்தார். வெளியிலிருந்து பதிவை எத்தனை தடவை கேட்டாலும் யார் எதை அடிக்கிறார் என்று பிரிக்க முடியாது. கையில் கோலைப் பிடித்தால்தான் கட்டு அவிழும். அவருக்கு அவிழ்ந்தது.

என் காது இன்னொரு இடத்திலும் தடுக்கி விழுந்தது. ஐந்து சுரம் என்றதும் மோகனம் என்று ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஏதோ இடறுகிறது. மோகனத்தில் இடைவெளிகள் சமம் இல்லை, ஸ-ரி ஒரு அளவு, க-ப அதைவிடப் பெரிசு. இங்கே ஒரு ஸ்தாயியை ஏறக்குறைய ஐந்து சம பங்காகப் போட்டிருக்கிறார்கள். எந்தச் சுரத்தைப் பிடித்தாலும் அது ஸ ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். இதை அளக்கத்தான் ட்ரேசி ஐம்பத்து நான்கு இசைக்கவைகளை (ட்யூனிங் ஃபோர்க், தட்டினால் ஒரே சுரம் ஒலிக்கும் இரும்புக் கவை) சுமந்துகொண்டு அலைந்தார். 212 ஹெர்ட்ஸிலிருந்து 424 வரை, நாலு நாலாக. தன் காது பொய் சொல்லும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காகவே அவரை மன்னிக்கலாம் போலிருக்கிறது.

மதியத்துக்கு மேல் லுபிரி அரண்மனைப் பக்கம் போனேன். 1966 மே 24 அன்று உகாண்டா ராணுவம் இதன்மேல் பாய்ந்தது. கபாகா, அதாவது புகாண்டா அரசர், இரண்டாம் முட்டேசா தப்பி லண்டன் போய் அங்கேயே 1969-ல் இறந்தார். வாத்தியங்கள் எரிந்தன, கலைஞர்கள் சிதறினார்கள். 'எண்டெங்கா' என்று ஒன்று இருந்தது. சுருதி சேர்த்த பன்னிரண்டு முரசுகளை நாலு பேர் மெட்டாக வாசிக்க, இன்னும் மூன்று முரசில் இருவர் தாளம் போடுவார்கள். அரசனுக்கு மட்டுமே உரியது. 1950-களின் தொடக்கத்தில் ட்ரேசி பதிவு செய்தது இருக்கிறது. வாசலில் நின்று ஹெட்ஃபோனில் அதைப் போட்டேன். காவலாளி என்ன கேட்கிறீர்கள் என்றார். ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். முழுசாகக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாள் 9: எண்டெபே விமான நிலையம்

விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ஆகவே இது.

காலையில் அருங்காட்சியகத்துக்கு மறுபடி போய், வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். மூன்றாவது ஆள் இடத்தில் உட்கார வைத்தார், இரண்டு பலகை மட்டும். எளிது என்று நினைத்தேன். நாலாவது சுற்றில் தொலைந்துபோனேன். அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. "கையைப் பார்க்காதீங்க, அது அங்கே இல்லை" என்றார். கண்ணை மூடினேன். ஒரு பத்து நொடி, அவ்வளவுதான், அந்த மெட்டு எனக்குக் கேட்டது, என் கோலும் அதோடு போனது. பிறகு மறுபடி தொலைந்துவிட்டது. அந்தப் பத்து நொடியைப் பதிவு செய்ய எனக்கு மூன்றாவது கை இல்லை.

சற்று முன் வாட்ஸாப்பில் சியாயாவிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ம்ஸேயின் பேரன் அனுப்பியிருக்கிறான். நேற்று ராத்திரி பக்கத்து ஊரில் ஒரு சாவு வீடு, தாத்தா வாசித்தார், நான் போனில் எடுத்தேன் என்று. ஓட்டை போன், முற்றத்துத் தரையில் வைத்திருக்கிறான் போல. கால் வளையம் இடி மாதிரி விழுகிறது. குரல் தூரத்தில். நாய், அழுகை, சிரிப்பு, காசு விழும் சத்தம். யாரோ நிறுத்துகிறார், அளக்கிறார், ஊர் ஓவென்கிறது. ஏழாவது நிமிடத்தில் ம்ஸே இழுத்துப் பாடுகிறார், "ஞாக்வார் ஒகாலியாபா". ஊர் மறுபடி ஓவென்கிறது.

ரிவைண்ட் பண்ணி மூன்று தடவை கேட்டேன். ஒகாலியாபா. லுவோ ஆண் பெயர்களுக்கு முன்னால் ஒரு 'ஒ' வரும்.

அம்மாவுக்கு அதை அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது. போர்டிங் கூப்பிடுகிறார்கள்.